உம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது

ஆயிஷா உம்மா மௌத்தான வீட்டில் மழைக்குத் தறப்பாள் கட்டினார்கள். கூரைக்கு மேலே உறுதியாக நின்ற ஒரேயொரு சாமான் இன்டர்நெட் அன்டெனாவின் இரும்புக் கம்பம். கயிற்றை அதில் கட்டிவிட்டார்கள். காற்று தறப்பாளை இழுத்தது, தறப்பாள் கம்பத்தை இழுத்தது. நற்பிட்டிமுனை வயலுக்கு அப்பால் நிற்கும் சிக்னல் கோபுரத்தைப் பார்க்க வேண்டிய அன்டெனா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணீர்த் தாங்கிக்கு இன்டர்நெட் கொடுக்கத் தெரியாது.

அதைக் கூரையில் பூட்டிய கம்பனிப் பொடியன் சியாமைக் கூப்பிட்டார்கள். போன மாதம் பூட்டும்போது, "வயரும் இல்ல, கேபிளும் இல்ல உம்மா. மகன் கட்டாரில தும்மினா இங்க துப்பல் தெறிக்கும்" என்று சொல்லித்தான் விற்றிருந்தான். அந்தச் சந்துக்குள் போன் சிக்னல் ஒரு கோடும் வராது.

மகன் நிப்றாஸ் கட்டாரில்தான் நிற்கிறான். இன்றே ஏறினாலும் நாளைக்குத்தான் வந்து சேருவான். அடக்கம் அசர் தொழுகைக்குப் பிறகு. அதைப் பிந்த வைக்க இங்கே ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள், அவனும் கேட்கவில்லை. மூடுவதற்கு முன் உம்மாவின் முகத்தை ஒருக்கால் காட்டுங்கள் என்றான், அவ்வளவுதான்.

"கயித்த அவுக்கட்டா மாமா?" என்று மௌத்தானவரின் தம்பி ஜவுபரிடம் சியாம் கேட்டான்.

"அவுத்தா அரை ஊரும் நனையும். நீ ஏறி அன்டெனாவக் கையால திருப்பிப் பிடி. கம்பனி உனக்கு ரெண்டு கை தந்திரிக்கில்லயா?"

"கை உம்மா தந்தது மாமா."

"அப்ப நல்ல சாமான்தான். பிடி."

ஏறிப் பிடித்தான். கீழே பெண்கள் பக்கம் மகள் றுஸ்தா அண்ணனுக்குத் தெரியப் போனை உம்மாவின் முகத்துக்குத் திருப்பிப் பிடித்திருந்தாள். "காக்கா, தெரியிதா?"

"ஓம் புள்ள, தெளிவாத் தெரியிது!" கட்டாரின் அழுகை கூரை ஓட்டைத் தாண்டி மேலே வந்தது. தொழில் சரியாகச் செய்ததில் சியாமுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மையித்து வீட்டில் பெருமைப்படுவது சரியில்லை என்று அதை அடக்கிக்கொண்டான்.

மௌலவி துஆவைத் தொடங்கினார். தறப்பாளுக்குக் கீழே எல்லாக் கைகளும் உயர்ந்தன. கூரையிலும் இரண்டு கைகள் உயர்ந்தன. துஆக் கேட்டதும் உயர்ந்து பழகிய கைகள். கூரையா தரையா என்று அவை விசாரிப்பதில்லை. ஆமீன் சொல்லி, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவி, உம்மாவைச் சுமந்த சந்தூக்கு வாசல் படலை தாண்டுவதைப் பார்த்து நின்ற பிறகுதான் சியாமுக்கு அன்டெனா ஞாபகம் வந்தது. அது பாதி திரும்பி நின்றது. பாய்ந்து பிடித்தான்.

"தம்பி, திருப்பாதீங்க!"

பின்வாசலில் றுஸ்தா. போனின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

"காக்காக்குப் படம் உம்மாட முகத்தில நிண்டுபோச்சி. சத்தம் மட்டும் போகிது. இன்னும் மூடல்ல எண்டு பாத்திட்டிரிக்கார்."

மையித்து அசையாது. படம் ஓடுகிறதா நிற்கிறதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவள் கையை எடுத்ததும் நிப்றாஸின் குரல் வந்தது. "றுஸ்தா, உம்மா சிரிக்கிற மாதிரி இரிக்கி புள்ள. இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"பொறுக்காங்க காக்கா."

சந்தூக்கு சந்தின் முனையைக் கடந்துவிட்டது.

அன்டெனாவைக் கோபுரத்துக்குத் திருப்பினால் நிப்றாஸுக்கு உம்மா இல்லாத வீடு தெரியும். காற்றுக்கு விட்டால் அழைப்பு அறுந்துவிடும். சிக்னலைக் கூட்டத்தான் கம்பனி படிப்பித்திருந்தது. கெட்ட சிக்னலை அதற்கு மேல் கெடாமல் வைத்திருக்கும் வித்தை ஒரு பாடத்திலும் இல்லை. சியாம் நனைந்த ஓட்டில் குந்தி, கம்பத்தை நின்ற நிலையிலேயே அணைத்துக்கொண்டான்.

கீழே நிப்றாஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு யாசீன் ஓதத் தொடங்கினான். நிறுத்தி நிறுத்தி, அவசரமில்லாமல் ஓதினான். உம்மா முன்னால்தானே கிடக்கிறா.