மாடி வீட்டுக்கு வந்த பூ

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. இறக்கி வைத்தவர் பூக்கடையிலிருந்து ஸ்கூட்டரில் பூங்கொத்து கொண்டு வருகிற பெண்மணி. இரண்டு வருடப் பழக்கம். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. தலைக்கவசத்தைக் கழற்ற அவருக்கு நேரமே இருந்ததில்லை. அதனால் எனக்குள் அவருக்கு ஹெல்மெட் என்றே பெயர்.

அவர்கள் கடையில் ஒரு வழக்கம். பூ வெளியே கிளம்பிவிட்டால் கடைக்குத் திரும்பக் கூடாது. ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பூட்டிய கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் கட்டடத்தில் பகலில் வீட்டிலேயே கிடக்கிற ஜீவன் நான் ஒருத்திதான். கதை எழுதுகிறவள் வேறு எங்கே போவாள்? ஆகவே மூன்று மாடிக்கும் வருகிற பூ அத்தனையும் என் மேஜைக்குத்தான் வரும். யாருக்கோ கிடைத்த பதவி உயர்வு, யாருக்கோ பிறந்த பெண் குழந்தை, இருபத்தைந்தாவது திருமண நாள், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து சீக்கிரம் நடக்க வாழ்த்து. எல்லாம் என் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. எனக்கென்று ஒரு காம்பு வந்ததில்லை. அது வேறு கதை.

"ரைட்டரம்மா, மாடி டாக்டருக்கு" என்று வெள்ளிக்கிழமை ஹெல்மெட் நீட்டியது மஞ்சள் ஜெர்பராவும் வெள்ளைச் சாமந்தியும் கலந்த கொத்து. மாடி டாக்டர் என்றால் எனக்கு நேர் மேலே குடியிருக்கும் பல் டாக்டர். கூரை வழியாக அவர் நடை எனக்கு அத்துப்படி. குதிகாலை அழுத்தி வைப்பார், தடாலடி நடை.

ஹெல்மெட் மேலே போய்ச் சீட்டை ஒட்டிவிட்டுக் கிளம்பினார். அந்தச் சீட்டு காற்றில் பறந்துவிட்டது.

[பொய். நான் பிய்த்தேன். ஏன் என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.]

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மலர்கள் பொய் சொல்வதில்லை." [சகிக்கவில்லை.]

"அவன் ஒரு பூங்கொத்தை அனுப்பியபோது, அதில் ஆறு வருடங்களையும் சேர்த்துக் கட்டி—" [ஆறு வருடத்தை எந்த நாடாவால் கட்டுவது? ஹெல்மெட் கேட்டால் சிரிப்பார்.]

"ஜெர்பராவின் தண்டுக்குள் ஒரு கம்பி இருக்கும். இல்லாவிட்டால் பூ தலையைத் தொங்கப் போட்டுவிடும்." [இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வரி வரவில்லை. இரண்டு நாளாக வரவில்லை.]

எனக்குச் சிக்கல் கொடுக்கிற பாத்திரம் தம்பி. அனுப்பியவன் டாக்டரின் தம்பி. சண்டை போட்டு ஆறு வருடம் ஆகிறது. எதற்குச் சண்டை என்று பூவோடு வந்த அட்டையில் இல்லை. சொத்துத் தகராறு என்று வைத்தேன், அலுப்பாக இருந்தது. காதல் கல்யாணம் என்று வைத்தேன், அதைவிட அலுப்பு. அம்மாவைக் கடைசி நாட்களில் யார் பார்த்துக்கொண்டது என்று வைத்தபோது எனக்கே அழுகை வந்தது, ஆனால் அந்த அம்மா உயிரோடு இருந்து தொலைத்தால்?*

* என் வீட்டுக்காரர் சனிக்கிழமை கொத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பூ?" என்றார். "கதைக்கு" என்றேன். "அப்போ கதையில நான் தும்முறேன்னும் எழுதிக்கோ" என்று பதினேழு தும்மல் போட்டார். எழுதிவிட்டேன்.

3.

அட்டையில் இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். படித்தேன். உறை ஒட்டப்படவில்லை. ஒட்டியிருந்தால்? அதைக் கேட்காதீர்கள்.

அட்டையின் சாரம் இதுதான். தம்பி ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி பஸ்ஸில் வெளியூர் வேலைக்குப் போகிறான். திரும்ப இரண்டு மூன்று வருடம் ஆகும். பத்து மணியிலிருந்து பஸ் நிலையத்தில் இருப்பான். அக்கா வந்தால் பார்க்கலாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு மாதமாக ஒரு வரி எழுதாத எனக்கு முழுக் கதையும் காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி வந்திருக்கிறது. டாக்டர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் கதையும் மாடியேறிவிடும். ஒரே ஒரு நாள் என் மேஜையில் இருக்கட்டும், பார்த்துப் பார்த்து எழுதிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று மேலே போய்ச் சீட்டைப் பிய்த்து வந்தேன்.

அதோடு விட்டிருந்தால் இது சாதாரணத் திருட்டு. சனிக்கிழமை பூவுக்குத் தண்ணீர் மாற்றும்போது அட்டை வாளியில் விழுந்துவிட்டது. மை கரைந்து ஒரே நீலம். பரவாயில்லை, பத்துப் பதினைந்து தடவை படித்தது மனப்பாடம், வேறு அட்டையில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது யார்? இருபது வருடமாக மற்றவர் வாக்கியங்களைக்கூட மனசுக்குள் திருத்திக்கொண்டே பஸ்ஸில் போகிறவள். அப்படியே எழுத எனக்குக் கை வருமா? வந்த அட்டை இது:

"அக்கா, சொற்கள் தோற்ற இடத்தில் இந்த மலர்கள் பேசட்டும். ஆறு ஆண்டு மௌனத்தின் கதவை நீ தட்ட வேண்டாம், நானே வெளியே நிற்கிறேன். ஞாயிறு, பதினொன்றரை மணிப் பேருந்து. பத்து மணியிலிருந்து காத்திருப்பேன். — வாலு"

வாலு என்பது அவனே போட்டிருந்த பெயர், அதை விட்டுவைத்தேன். தனக்குப் பல் வலிக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தான், அதை வெட்டினேன். பல் டாக்டர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற நேரத்தில் பல் வலியைச் சொன்னால், ஓசியில் வைத்தியம் பார்க்க வந்தவன் மாதிரி ஆகிவிடாதா? அவன் நன்மைக்காகத்தான் வெட்டினேன். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

இதோ ஞாயிறு, மணி பத்து இருபது. மேலே தடால் தடால் என்று நடை கேட்கிறது. இன்னும் அவர் கையில் பூ போய்ச் சேரவில்லை. எழுந்து போகத்தான் வேண்டும். இந்தப் பத்தியை முடித்துவிட்டுப் போகிறேன். அதற்கு முன் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: பூ போய்ச் சேரவே இல்லை, பஸ் கிளம்பிவிடுகிறது, எழுதியவள் மட்டும் ஒரு நல்ல கதையோடு மிச்சமாகிறாள். வாசித்தால் கனமாக இருக்கும். பாராட்டுகூட வரும். அந்த முடிவில் அக்கா ஜன்னலருகே நின்று—

அழைப்பு மணி அடிக்கிறது.

4.

[இதற்கு மேல் எழுதியதெல்லாம் திரும்பி வந்த பிறகு.]

வாசலில் ஹெல்மெட் நின்றார். தோளில் பை, கையில் நான்கு கொத்துகள்.

"ரைட்டரம்மா, டாக்டர் கைக்குப் பூ போச்சா இல்லையா? அனுப்பினவர் காலையிலேர்ந்து கடைக்கு மூணு தடவை போன் பண்ணிட்டார். அக்காவே கையெழுத்துப் போட்டாங்களான்னு கேக்கறார். என்ன சொல்றது?"

அவர் கண், தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து என் தோளைத் தாண்டி மேஜைக்குப் போனது. மஞ்சள் ஜெர்பரா தெளிவாகத் தெரிந்தது.

"அடப்பாவமே! இன்னும் இங்கயேவா இருக்கு? வெள்ளிக்கிழமை குடுத்தேனே! சீட்டு ஒட்டினேனே!"

"அது வந்து... ஒரு கதை..."

"கதையெல்லாம் அப்புறம் வெச்சுக்குங்க. எடுத்துட்டுப் போங்க மேல. நான் கீழயே நிக்கிறேன், கையெழுத்து இல்லாம இன்னிக்கு நகர மாட்டேன்."

டாக்டர் வெள்ளைக் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கொத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க, வாங்க. யாரு, போன வாரம் பல் கட்டின பெரியவரா? நல்ல மனுஷன். வலிக்க வலிக்கத் திட்டிட்டு இப்போ பூ அனுப்பறார் பாருங்க."

"உங்க தம்பி அனுப்பியிருக்கார், டாக்டர்."

சிரிப்பு அப்படியே நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பிரித்தார். ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார். அந்த அரை நிமிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசகர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எழுத்தாளராக நின்றேன். எவ்வளவு அற்பம்!

"நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் முதுகு நிமிர்ந்தது.

"ஆனா இது அவன் எழுதினது இல்லை. மௌனத்தின் கதவாம்! லீவ் லெட்டர் எழுதவே என்கிட்ட வந்து நிக்கிறவன் அவன். கடையில அச்சடிச்ச மாதிரி நாலு வரி வெச்சிருப்பாங்க, அதுல ஒண்ணைக் கைகாட்டியிருப்பான். ஆறு வருஷம் கழிச்சு, எனக்குன்னு சொந்தமா ரெண்டு வார்த்தை எழுத அவனுக்குக் கை வரலை பாருங்க." அட்டையை உறையில் போட்டு, கொத்தோடு சேர்த்து என் கையில் திணித்தார். "நீங்களே உங்க டேபிள்ல வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் பூ பிடிக்குமே."

கதவு பாதி மூடிவிட்டது.

[இங்கே நான் இறங்கி வந்திருக்கலாம். வந்திருந்தால் மூன்றாம் பகுதியில் போட்ட கனமான முடிவு தானாகவே கிடைத்திருக்கும். ஒரு கணம் அது என் கண்ணில் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.]

"டாக்டர்! பல்லைப் பத்தி ஒரு வரி இருந்தது."

கதவு நின்றது.

"என்ன?"

"இது நான் எழுதினது. அவர் எழுதின அட்டை தண்ணியில போயிடுச்சு. திருப்பி எழுதும்போது... நல்லா இருக்கட்டுமேன்னு... அந்த வரியை எடுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்கப் போவதில்லை. வாயைத் திறங்கள் என்று சொல்லிவிட்டுக் குறடை எடுக்கிறபோது நோயாளிகள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

"என்ன எழுதியிருந்தான்? அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது."

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு முழுசாகச் சொன்னேன். பல் வரி வந்ததும் டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கிளினிக் திறந்த முதல் மாசம்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "ஒரு ஆள் வரலை. நான் வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். இவன் எதிர்த்த தெரு டாக்டர்கிட்ட போய்ப் பல்லை அடைச்சுட்டு, நேரா என் கிளினிக்குக்கே வந்து பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். 'உன்கிட்டன்னா பயமா இருந்துது அக்கா'ங்கறான். சொந்தத் தம்பியே வரலைன்னா வேற யாரு வருவா? போடா, இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதேன்னேன். நிஜமாவே முழிக்கலை, கழுதை."

ஆறு வருடச் சண்டை ஒரு பல்லுக்காக! சொத்து, காதல், அம்மா என்று நான் எங்கெங்கோ சுற்றியிருக்கிறேன். ஒரு கணம் சிரிப்பு வந்தது, அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எந்தப் பக்கம்னு சொன்னான்?"

"வலது. கீழ. கடைவாய்."

"ரெண்டு மாசமா! யார்கிட்டயும் காட்டாம! முட்டாள், முட்டாள். சீழ் வெச்சிருக்கும் இந்நேரம்." அழுதுகொண்டே செருப்பைத் தேடினார். கிடைத்த இரண்டும் ஒரே ஜோடியா என்று அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், ஒரே ஜோடி இல்லை. "மணி என்ன?"

பத்து ஐம்பது. பஸ் நிலையம் இருபது நிமிடம்.

கீழே ஹெல்மெட் காத்துக்கொண்டிருந்தார். தடாலடியாக ஓடி வந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்சீட்டில் இருந்த பையை நகர்த்தினார். "ஏறுங்க டாக்டர். போற வழிதான்." போற வழி இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தலைக்கவசத்தைக் கழற்றி டாக்டர் தலையில் மாட்டினார்.

முகத்தைப் பார்த்தேன். எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் திருத்துவேன்.

பதவி உயர்வு, பிறந்தநாள், இன்னும் இரண்டு விசேஷங்கள், நான்கு கொத்துகளையும் மடியில் அணைத்துக்கொண்டு டாக்டர் பின்னால் உட்கார்ந்தார். வண்டி நகரும்போது திரும்பி, "அந்தப் பூவை உங்க வீட்லயே வெச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன். உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்றார்.

5.

ஆக, கொத்து மறுபடி என் மேஜையில். வீட்டுக்காரர் உள்ளே தும்முகிறார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நேரத்துக்குப் போனார்களா, அவன் வாயைத் திறந்து காட்டினானா, பஸ் ஏறினானா, ஒன்றும் தெரியாது. இரண்டு முடிவுகள் எழுதினேன், இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் பஸ் நிலையத்து விளக்கடியில் அக்கா தம்பியின் தாடையைப் பிடித்து— இரண்டாவதில் காலி இருக்கை—

வேண்டாம். அந்தக் குடும்பத்தில் நான் எழுதியது போதும்.

அவன் எழுதிய அட்டையை மட்டும், மனப்பாடத்தில் இருக்கிறபடியே, கீழே வைக்கிறேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கை துறுதுறுவென்றுதான் இருக்கிறது.

"அக்கா நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். ஆறு வருஷம் ஆச்சு. வலது பக்கம் கீழ கடைவாய்ப் பல் ரெண்டு மாசமா வலிக்குது. யார்கிட்டயும் காட்டலை. ஞாயித்துக்கிழமை பதினொன்றரை பஸ்ல வேலைக்குப் போறேன், திரும்பி வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். பத்து மணிலேர்ந்து பஸ் ஸ்டாண்ட்ல இருப்பேன். பூ கடைக்காரங்களே எடுத்தது, எனக்குப் பூவைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வாலு."

மணி பன்னிரண்டே கால். கீழே ஸ்கூட்டர் சத்தம் வந்து நின்றது. இப்போது மாடிப்படிப் பக்கம் காலடி கேட்கிறது. குதிகாலை அழுத்தி வைக்கிற தடாலடி நடை, அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அதோடு இன்னொரு காலடியும் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன், அந்த நேரம் பார்த்து இவர் தும்மினார்.

பூவை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன். எத்தனை பேர் என்று நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். நான் எண்ணினால் கூட்டிவிடுவேன்.