அண்ணன் சொன்ன எண்

தக்ராவ் என்பது வலைக்கு மேலே பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டம்; தாய்லாந்தின் சீசாக்கேட் மாகாண அணியில் எல்லாவற்றுக்கும் வயதுதான் வரிசை. குளிக்க, வேனில் சன்னலோரம் உட்கார, சுட்ட கோழியில் தொடைத் துண்டை எடுக்க, எதுவானாலும் மூத்தவன் முதலில். முப்பத்திரண்டு வயது வொராவுத் அந்த வரிசைக்குத் தலை. பத்தொன்பது வயது பூம் வால்.

காலையில் பாயில் காலை நீட்டிப் படுப்பதும் அதே வரிசையில்தான். பயிற்சிக்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் ராத்ரி வருவாள். பையன்களுக்கு அவள் டாக்டர். முழங்கால் மடங்காமல் ஒவ்வொருவன் காலையும் மேலே தூக்கி, கோணமானியை வைத்துப் பார்த்து, குறித்த இடத்தில் நிறுத்திக் கேட்பாள்: "பின்தொடையில எவ்வளவு இழுக்குது?" ஒன்றுமே தெரியவில்லை என்றால் பூஜ்யம். உயிர் போகிறது என்றால் பத்து. ஏழுக்கு மேல் போனால் அன்றைக்கு ஓய்வு. "கோணத்தை நான் அளந்துடுவேன். இழுப்பை அளக்க மெஷின் கிடையாது. காலுக்குச் சொந்தக்காரன் வாய்தான் மெஷின்" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத்தான் அவளுக்கு ஆசை. பயிற்சி தரும் ஆசான் சன்யா விடவில்லை. "ரகசியம் பேச நேரமில்ல. வரிசையாக் கேட்டு எழுதுங்க."

வொராவுத்தின் வலது பின்தொடை இரண்டு மாதமாகச் சரியில்லை. மழைக்காலப் போட்டியில் பந்தை உதைக்க அந்தரத்தில் புரண்டபோது உள்ளே ஏதோ கடித்தது. அது விடவே இல்லை. அவனுடைய உண்மையான எண் எட்டு, சில நாள் ஒன்பது. வாய் சொன்னதோ நாலு. மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருந்தான்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். பத்து நாளில் பாங்காக்கில் இறுதிப் போட்டி. வலையோரம் எகிறி அடிக்க ஒரே ஒருத்தன். அவன் வொராவுத்தா, பூமா என்று ஆசான் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒரு நாள் ஓய்வெடுத்தால் அந்த இடத்தில் பூம் நிற்பான். முப்பத்திரண்டு வயதில் ஒதுங்கினவனைத் திரும்ப யார் கூப்பிடப் போகிறார்கள்?

அவன் "நாலு" என்றதும் பக்கத்துப் பாயில், அவன் அடிக்கப் பந்தைத் தூக்கித் தருகிற கோப், "எனக்கும் நாலுதான் டாக்டர்" என்பான். அடுத்தவன் மூன்று. கடைசியில் பூம், "மூணு." ராத்ரி எழுதிக்கொள்வாள். பதினைந்து வருடம் ஆடின அண்ணனுக்கே நாலு என்றால், நேற்று வந்தவன் எட்டு என்பதா? அப்படிச் சொன்னால் ஒன்று, தான் நோஞ்சான் என்று அர்த்தம், இல்லையென்றால் அண்ணன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். இரண்டும் மரியாதையில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. தன் பொய் தன் தொடைக்குள்ளேயே கிடக்கிறது என்று வொராவுத் நினைத்துக்கொண்டிருந்தான், முட்டாள்.

புதன்கிழமை பூம் எகிறினான். வலைக்கு மேலே தலைகீழாகப் புரண்டு காலை வீசினான். பந்து போன திசையை யாரும் பார்க்கவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அவன் தரையில். பின்தொடையைப் பிடித்துக்கொண்டு சுருண்டவன், அந்த நிலையிலும் ஆசானைப் பார்த்துக் கை கூப்பி மன்னிப்புக் கேட்டான்.

ராத்ரி தடவிப் பார்த்தாள். அவள் முகமே மாறிவிட்டது.

"எத்தனை நாளாடா இழுக்குது?"

"ஒரு... பத்து நாளா, டாக்டர்."

"தினம் கேட்டேனேடா! மூணு மூணுன்னு சொன்னியே பாவி!"

பூம் ஓரக்கண்ணால் வொராவுத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணனுக்கே நாலுதானே. நான் போய் எட்டுன்னா அண்ணனுக்கு எப்படி இருக்கும்?"

வொராவுத் ஐஸ் பையோடு நின்றுகொண்டிருந்தான். தசை முழுசாக அறுந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும், ஒரு வருடம் மைதானம் கிடையாது என்று ராத்ரி சொல்லச் சொல்ல, மனதின் ஒரு மூலையில் வேறொரு கணக்கும் ஓடியது: இனி இடம் எனக்குத்தான். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் பசையரிசிச் சோறும் சுட்ட கோழியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பூம் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுடா, படு."

"நீங்க ஜெயிச்சுட்டு வாங்கண்ணே. என் பங்கையும் சேர்த்து அடிங்க."

வொராவுத் கோழியைப் பிய்த்து, தொடைத் துண்டை அவன் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தான். ஆசானைத் தனியே பார்த்துச் சொல்லிவிடலாம், அதுதான் சுலபம். ஆனால் பொய்யை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உண்மையை மட்டும் ஒளித்துச் சொல்வதாவது என்று தோன்றியது. வரிசையிலேயே சொல்வதென்று முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை ராத்ரி அவன் காலைத் தூக்கி நிறுத்தினாள். "எவ்வளவு?"

"ஒன்பது."

அவள் பேனா நின்றது.

"ஒன்பது, டாக்டர். ரெண்டு மாசமாவே இப்படித்தான். நாலுன்னு சொன்னதெல்லாம் பொய்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இடம் போகும், போகட்டும். இனியாவது இவன்கள் உண்மையைச் சொல்வான்கள்.

ராத்ரி அவன் காலை மெதுவாக இறக்கிவிட்டு, அடுத்த பாய்க்குப் போனாள். கோப்பின் கால் வாழைநார் மாதிரி வளைந்து கொடுத்தது.

"எவ்வளவு?"

கோப்பின் கண் கலங்கியிருந்தது. "ஒன்பது, டாக்டர்."

அடுத்தவனும், "ஒன்பது." அதற்கடுத்தவன், "எனக்கும் ஒன்பதுதான்."

வொராவுத் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "டேய் கோப்! உனக்கு என்னடா? நல்லாத்தானே இருக்கே!"

"உங்களுக்கே ஒன்பதுன்னா எங்களுக்கு மட்டும் என்னண்ணே? நாங்க உங்க பக்கம்."

"என் பக்கம் யாரு கேட்டா? உன் கால் என்ன சொல்லுதுன்னு சொல்லுடா!"

கோப் பணிவாகச் சிரித்தான். ஆசான் சன்யா வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"போதும்டா. பூமை நினைச்சு எல்லாருக்கும் மனசு கஷ்டம், புரியுது. அதுக்காக மொத்த டீமுக்கும் ஒரே நாள்ல ஒன்பதா? டாக்டர், நேத்து போட்டதையே போட்டுக்குங்க."

"ஆசான், எனக்கு நிஜமாவே..."

"தெரியும்டா. தம்பி மேல நீ வச்சிருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா?" ஆசான் அவன் தோளைத் தட்டினார்.

"வொராவுத்தை மட்டும் நான் தனியாப் பார்க்கணும்" என்றாள் ராத்ரி.

"போட்டி முடியட்டும் டாக்டர், ஆசை தீரப் பாருங்க. இப்ப வேற யார் இருக்கா எனக்கு?"

வொராவுத் வாயைத் திறந்தான். வரிசை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசான் முடிவாகச் சொன்ன பிறகு, இத்தனை தம்பிகள் முன்னால் அவரை எப்படி மறுத்துப் பேசுவது? பூமுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டான்.

விசில் ஒலித்தது. எல்லாரும் எழுந்து, மூத்தவன் முதலில் இறங்கட்டும் என்று வழிவிட்டு நின்றார்கள். அவன் இறங்கி வலையோரம் போய் நின்றான்.

"அண்ணே, உங்களுக்குத் தோதா நல்லா உயரமாத் தூக்கித் தர்றேன்" என்றான் கோப், அத்தனை அன்போடு.

பந்து மேலே வந்தது. வொராவுத் எகிறினான்.