துடக்கு அறிவித்தல்

புத்தகக்கடைச் செபநாயகம் அண்ணை மூன்று புத்தகங்களை எடுத்து, நான் என் துணிக்கடையில் சீலை விரிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று சரித்து மேசையில் வைத்தார்.

"எச்.ரி.எம்.எல் எண்டால் இப்ப உது மூண்டுந்தான் கிடக்கு. ஆருக்கு? பக்கத்து வீட்டுப் பெடியளுக்கே?"

"எனக்கு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் தாடி. சாவுத் தீட்டான துடக்கு கழியும்வரை வீட்டுக்காரன் சவரம் செய்வதில்லை. செத்தவீட்டுக்கு வந்தபோது குடையைப் பிடித்தபடி வேலியோரம் நின்றவர் அவர், எல்லாம் தெரியும். வேறு எதுவும் கேட்காமல், "இரும்" என்று கதிரையைத் தள்ளினார். நான் இருக்கவில்லை. நல்லூருக்குள் வருவதற்கே கோயில் வீதியை விட்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளைச் சுற்றி ஓட்டி வந்திருந்தேன். துடக்கோடு கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. கால் வலித்தது. வலிக்கிறது என்பது ஆருக்கோ நடப்பதுபோல் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

பெரியகடையில் முப்பத்தைந்து வருடம் துணி விற்றவன் நான். எனக்கு முன்னால் அப்பா விற்றார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பேச்சுப் பழகும்போதே விலை பேசவும் பழகிவிடும். எனக்கு எதற்கு இணையப் பக்கம் எழுதுகிற குறிமொழி? அதையெல்லாம் படித்தவள் என் மனைவி உதயகலா. அரியாலை வீட்டில் மிளகாயும் மல்லியும் வறுத்து, மில்லில் கொடுத்துத் தூளாக்கி, லண்டன் கனடா என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். சுயதொழில் செய்யும் பெண்களுக்கென்று நடந்த மூன்று மாத வகுப்புக்குப் போய், தன் தூளுக்குத் தானே ஒரு பக்கம் செய்தாள். சிவப்புப் பின்னணி, ஒரு சுளகு நிறைய மிளகாயின் படம், அவளுடைய கைத்தொலைபேசி எண். பார்க்கக் கண் கூசும். ஆனால் ஓடர் வந்தது.

அந்தப் பக்கத்தில் அவள் கடைப்பிடித்த ஒரு முறை உண்டு. சொந்தத்தில் ஆரும் செத்து எங்களுக்குத் துடக்கு வந்தால், அதை அன்றைக்கே பக்கத்தின் தலையில் போட்டுவிடுவாள். நான் சிரிப்பேன். துணி விற்ற குடும்பம் சொந்தத்தில் விழுகிற துடக்கையெல்லாம் ஊருக்கு அறிவித்தால் வருடத்தில் பாதி நாள் கடை பூட்டித்தான் கிடக்கும். "இஞ்சருங்கோ, துணியை ஆரும் சாப்பிடுறேல்லை," என்பாள். "என்னட்டை வாங்கிற சனம் விரதம் பிடிக்கிற சனம். சொல்லாமல் குடுக்கிறது களவு." துடக்கின் முப்பத்தொரு நாள் முடிந்ததும் அந்த வரியை அழிக்கமாட்டாள், மறைத்து வைப்பாள். ஒருநாள் எனக்குக் காட்டினாள்: முன்னும் பின்னும் ஏதோ குறி போட்டால் வரி அங்கேயே கிடக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. "பிறகும் தேவைப்படுந்தானே. உங்கடை சொந்தக்காரரை நம்பித்தான் வைச்சிருக்கிறன்."

திங்கட்கிழமை அவள் பக்கத்தில், 'இந்தக் கிழமை புதுத்தூள் ஆயத்தம், அழையுங்கள்' என்று போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை மல்லி வறுத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று குசினி வாங்கில் இருந்தாள். பிறகு எழும்பவில்லை. அடுப்பை நான்தான் அணைத்தேன். மல்லி கருகவில்லை, சரியான பதத்தில் இருந்தது. அதைக் கவனித்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து அவளுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. தூள்தான் கேட்பார்கள் என்று தெரியும். நான் எடுக்கவில்லை. சார்ச் வயரோடு அரிசிப் பேணிக்கு மேல் வைத்தேன்.

பத்தாம் நாள், வியாழன் பின்னேரம், மகள் கீர்த்திகா கனடாவிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, அம்மாவின்ரை பக்கத்தை முழுக்க எடுத்துவிடச் சொல்லி இவரிட்டைச் சொல்லிப்போட்டன். துடக்கு வீட்டிலை இருந்து தூள் விக்கினமெண்டு இஞ்சை சனம் கதைக்குது."

"எடுக்கவேண்டாம். துடக்கெண்டு போட்டால் சரிதானே."

"அப்ப அதை இவர் போடட்டும்."

"வேண்டாம்."

மருமகன் நல்ல பிள்ளை. போன முறை வந்தபோது, என் தொலைபேசி மெதுவாக ஓடுகிறது என்று துப்புரவாக்கித் தந்தான். நாற்பது வருடத்துச் சொந்தக்காரரின் எண்கள் எல்லாம் துப்புரவாகப் போயின. அவன் கையில் அந்தப் பக்கம் போனால், மறைத்து வைத்த வரிகள் குப்பையென்று முதலில் போகும். உதயகலா ஆருக்கும் சொல்லவென்று எழுதியதாக வேறு எதுவும் இல்லை. கடிதம் எழுதுகிற அளவுக்கு நாங்கள் ஒருநாளும் பிரிந்திருந்ததில்லை.

"பிறகு ஆர் போடுறது? நீங்களே? உங்களுக்கு ஒரு படம் அனுப்பத் தெரியாது, அப்பா."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு."

"ஞாயிறு பாப்பன். இல்லாட்டி எடுக்கத்தான் வேணும்," என்றாள். அழுதுகொண்டு சொன்னாள். நான் அழவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு உதயகலாவின் வகுப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். பாதிப் பக்கம் குறிமொழி, பாதிப் பக்கம் மல்லி எத்தனை கொத்து, பெருஞ்சீரகம் எத்தனை சுண்டு. எது எங்கே முடிகிறதென்று அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

அதனால்தான் சனிக்கிழமை காலை செபநாயகம் அண்ணையின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

துணியைச் சோதிக்க நூறு வழி உண்டு. கசக்கிப் பார்க்கலாம், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம், வெயிலில் பிடிக்கலாம். புத்தகத்தை என்ன செய்வது? மூன்றிடமும் ஒரே கேள்வி கேட்பதென்று முடிவெடுத்தேன்: மறைத்து வைத்த வரியை எப்படி வெளியில் எடுப்பது?

முதலாவது இங்கிலிஷ் புத்தகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம். வழுவழுத்த தாள், நிறமான படங்கள். முதல் அறுபது பக்கத்தில் இணையம் எப்படிப் பிறந்தது என்று சொல்லியிருந்தார்கள். பில் எழுதுகிற அளவு இங்கிலிஷ்தான் எனக்குத் தெரியும். பிறந்த கதையை மூடி வைத்தேன்.

இரண்டாவது சென்னையில் அச்சடித்தது. முப்பது நாட்களில் முழுமையாக, என்று அட்டை சொன்னது. எனக்கிருந்தது ஒன்றரை நாள். உள்ளே எல்லாவற்றையும் தூய தமிழாக்கியிருந்தார்கள். 'மீயுரைக் குறியீட்டில் உறுப்பின் பண்புக்கூற்றை வரையறுத்தல்' என்று ஒரு தலைப்பு. இரண்டு தரம் வாசித்தேன். இங்கிலிஷே பரவாயில்லை என்று தோன்றியது.

மூன்றாவதைப் புத்தகம் என்று சொல்ல முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு ரியூசன் மாஸ்ரர் அடித்த நோட்ஸ், கம்பி குத்திய அறுபத்துநாலு பக்கம், மை கையில் ஒட்டியது. நாற்பத்தோராம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது: 'வரியை அழிக்காமல் மறைக்க: முன்னால் ஒரு கூர்க்குறி, ஒரு ஆச்சரியக்குறி, இரண்டு சிறுகோடு. பின்னால் இரண்டு சிறுகோடு, ஒரு கூர்க்குறி. திரும்பக் காட்ட: இந்தக் குறிகளை எடுத்துவிடுக. பரீட்சைக்கு அடிக்கடி வரும்.'

"உதைத் தாங்கோ."

"அது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை சாமான். உம்மட வயசுக்கு நான் இங்கிலிஷ் புத்தகத்தைத்தான் சொல்லுவன்."

"விலை கூடினதெண்டபடியாலே?"

"பின்னை?" என்று சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "அறுநூற்றைம்பது."

எண்ணிக் கொடுத்தேன். அவர் காசை லாச்சிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மூன்று பிள்ளைகளின் கலியாணத்துக்கும் துணி எடுத்தது என் கடையில். ஒவ்வொரு தரமும் இரண்டு மணித்தியாலம் வாயால் சண்டை பிடித்திருக்கிறோம். பதிலுக்கு நான் இங்கே ஒரு கொப்பி வாங்கினாலும் விலை பேசாமல் விட்டதில்லை.

"என்ன, ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தை?"

"விலையைக் குறைக்கச் சொல்லி."

எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கேட்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அவர் ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து என் சேட்டுப் பைக்குள் செருகினார்.

"உம்மட்டை முழு விலை வாங்கினனெண்டால் ஊரிலை ஆர் நம்புவினம்?"

நோட்ஸைச் சைக்கிள் கரியரில் வைக்கும்போது வாசல்வரை வந்தார். "துடக்கு எப்ப கழியுது?"

"இன்னும் பத்தொன்பது நாள்."

தலையாட்டினார். "என்ரை மனிசி றோஸ் போய் ஆறு வரியம். சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு உந்தத் துடக்கு ஒண்டுமில்லைத்தானே. எப்ப முடியுதெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை." பிறகு, ஏதோ விலையைக் கூடச் சொல்லிவிட்டவர்போல், விறுக்கென்று உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று கீர்த்திகாவுக்குச் சொல்வதற்காகச் சாப்பிட்டேன். பின்னேரம் மூன்று மணிபோல் குசினி மேசையில் உதயகலாவின் மடிகணினியைத் திறந்தேன். மேசையில் ஒரு பக்கம் அவள் கடைசியாக நிரப்பிய தூள் பேணிகள். இறுக்கி மூடியிருந்தும் மூக்கு அரித்தது. அவள் வேலை செய்யும்போது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தோளுக்கு மேலால் பார்த்திருக்கிறேன், எந்தக் கோப்பைத் திறப்பாள், எந்தப் பொத்தானை அமத்தி மேலே ஏற்றுவாள் என்பது தெரியும். மற்றதுக்குத்தான் நாற்பத்தோராம் பக்கம்.

கோப்பு முழுக்கக் கூர்க்குறிகள். நெல்லுக்குள் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். மறைத்த வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. 'மழை. மிளகாய் காயவில்லை, பொறுத்தருள்க.' 'கொடியேற்றம் தொடங்கிவிட்டது, திருவிழா முடியத்தான் தூள்.' 'இவருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் பிந்தும்.' அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவில்லை. அவள் உலகத்துக்கு அறிவித்திருக்கிறாள்.

அதற்கும் கீழே அது இருந்தது.

முதலில் திங்கட்கிழமை வரியைப் பிடித்தேன். 'புதுத்தூள் ஆயத்தம்.' அதை அழிக்கவில்லை. நோட்ஸைப் பக்கத்தில் வைத்து, ஒற்றை விரலால், முன்னும் பின்னும் குறிகளைப் போட்டு மறைத்தேன். பிறகு துடக்கு வரிக்கு வந்து, முன்னால் இருந்த நான்கு குறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். பொத்தானை அமத்தினேன். ஒரு சிறு வட்டம் சுற்றியது. பக்கத்தைத் திரும்பத் திறந்தேன்.

சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது.

'எங்கள் வீட்டில் துடக்கு. முப்பத்தொரு நாள் கழியத்தான் தூள். ஒருவரும் குறை நினைக்கவேண்டாம். இப்படிக்கு, உதயகலா.'

கடைசிச் சொல்லை நான் யோசிக்கவில்லை. எத்தனையோ தரம் பார்த்த வரிதான். ஒவ்வொரு தரமும் அவள் அடியில் தன் பெயரைப் போட்டுத்தான் இருந்திருக்கிறாள். பெயருக்குப் பின்னால் இரண்டு சிறுகோடும் ஒரு கூர்க்குறியும் ஒட்டிக்கொண்டு நின்றன. பின்குறியை எடுக்க மறந்துபோனேன்.

பெயரை எடுத்துவிடலாம். என் பெயரைப் போடலாம். அதற்கும் நோட்ஸில் ஏதாவது பக்கம் இருக்கும். விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே மில்லுக்குப் போகிற ஆரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அரிசிப் பேணிக்கு மேல் அவளுடைய தொலைபேசி ஒருதரம் அதிர்ந்தது. அழைப்பில்லை, செய்தி. அங்கே வைத்தபிறகு முதல் தடவையாக அதைக் கையில் எடுத்தேன். லண்டன் யசிந்தா. மாதாமாதம் இரண்டு கிலோ எடுக்கிறவள்.

'இப்பத்தான் பாத்தன் அக்கா. குறை ஒண்டுமில்லை, ஆறுதலாய் அனுப்புங்கோ. உங்கடை வீட்டிலை ஆர் அக்கா தவறிப்போனது?'

கேள்விக்குக் கீழே பதில் எழுதுகிற வெள்ளைக் கட்டத்தில் ஒரு கோடு மின்னி மின்னி நின்றது. சுட்டுவிரலில் அச்சு மை இருந்தது, தொலைபேசிக் கண்ணாடியில் பட்டு ஒட்டியது. சற்று நேரத்தில் தொலைபேசி மங்கி அணைந்தது. மேசையில் சிவப்பு அப்படியே நின்றது, அதில் அவள் பெயர், பெயருக்குப் பின்னால் இரண்டு கோடும் ஒரு கூரும், அம்புபோல, ஒன்றும் எழுதாத பக்கத்தைக் காட்டிக்கொண்டு.