திருக்கைக்கு முள் எடுத்தவன்

பாரிசுக்குப் பக்கத்தில், ஒபர்வில்லியேயில் இருந்த அந்தப் பட்டறையில் இரண்டு விமானங்கள் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றன. இரண்டும் மரத்தில் செய்த சிறிய மாதிரிகள்தான். ராடர் கண்ணுக்குத் தப்பும் போர்விமானம் ஒன்றுக்கு ஒரு கம்பனி இரண்டு விதமாகப் படம் கீறியிருந்தது. எது தேறுகிறதோ, அதைச் செய்த குழுவுக்கு நிரந்தர வேலை. மற்றக் குழு வீட்டுக்கு.

தட்டையாகக் கிடந்ததற்கு அல்பிரட் 'திருக்கை' என்று பெயர் வைத்தான். மீன்பிடி ஊரான குருநகர்க்காரன் வாயில் வேறென்ன வரும்? லா சப்பலில் அவனோடு ஒரே அறையில் இருந்த இராஜேந்திரன் எதிர்க்குழு. அவனுடையது 'வாவல்'.

“உன்ரை திருக்கையைச் சரக்குத்தூள் போட்டுக் காய்ச்சத்தான் சரி, மச்சான். பறக்காது.”

“பறக்கும். பறந்தால்தான் மரியநாயகி வருவாள்.”

அது பகிடியில்லை. சண்டைக்குத் தப்பி வந்த அல்பிரட்டின் மனைவி கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்தாள். நிரந்தர வேலை கிடைத்தால்தான் அவளைக் கூப்பிடலாம்.

சோதனைக்கு முதல்நாள் பத்ரோன், அதுதான் முதலாளி, திருக்கையின் ஓரத்தில் விரலை ஓட்டி ஏதோ சொன்னான். அந்தப் பிரெஞ்சில் அல்பிரட்டுக்குப் பிடிபட்டது 'அரெத்' என்ற ஒரு சொல்தான். வந்த புதிதில் ரெஸ்ரோறன்ரில் மீன் வெட்டிப் பழகிய சொல். அரெத் என்றால் மீன்முள். கோப்பையில் ஒன்று கிடந்தாலும் ஏச்சு விழும். குத்துகிறது, எடு என்கிறான் ஆக்கும் என்று நினைத்தான். உப்புத்தாளை எடுத்து, கூராக இருந்த ஓரமெல்லாம் உருண்டு வழுவழுக்கும்வரை தேய்த்தான். வேலை அவனுக்கே வடிவாகத் தெரிந்தது.

ராடர் வாவலைக் காணவில்லை. திருக்கையை உடனே கண்டுபிடித்துவிட்டது. இன்னொரு சோதனை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

“அரெத் எண்டால் விளிம்புமடா!” நடந்ததைக் கேட்ட இராஜேந்திரன் தலையில் கைவைத்தான். “விளிம்பு கூராய் நிண்டால்தான் ராடருக்குத் தெரியாது. அதைக் கவனமாப் பார் எண்டெல்லோ அவன் சொன்னவன்!”

“முள்ளுக்கும் விளிம்புக்கும் ஒரே சொல்லோ?”

“ஓம்.”

“விசரங்கள்,” என்றான் அல்பிரட். வென்ற இராஜேந்திரனுக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 'ரூ காய்' தெருவில் இருந்த தமிழ் மளிகைக்கடைக்கு மரியநாயகியின் ரெலிபோன் அழைப்பு வந்தது.

“இஞ்சருங்கோ, எப்ப அறையை விடுறியள் எண்டு லொட்ஜ்க்காரன் கேக்கிறான். என்ன சொல்ல?”

அல்பிரட்டின் முதுகுக்குப் பின்னால் யாரோ முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன, சத்தத்தைக் காணேல்லை? நான் கதைக்கிறது கேக்குதே?”

“ஓம்,” என்றான். “கேக்குது.”