முட்டிக்கு ஒரு கணிப்பு

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஏரியில் இறால் பிடிக்க முடியும் என்று தெரியாமல் இருந்ததுதான் என்னைத் தின்றது. அதைக் கேட்கத்தான் வேலம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினெட்டு வருடமாக நாங்கள் இருவரும் ஜோடியாகத்தான் ஏரியில் இறங்குகிறோம். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

புதிதாக வந்த நர்ஸ் ஷாலினி ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எத்தனை மாத வலி, தூக்கம் வருகிறதா, வேறு எங்கேயாவது வலிக்கிறதா. முட்டி வலிக்கு வந்தவளிடம் தூக்கத்தைப் பற்றி என்ன கேள்வி? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் முட்டி போடுவீங்கம்மா?"

"ஆறு மணி நேரம்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

டாக்டர் மோகன்குமாரும் ஊருக்குப் புதுசு. தாளைப் படித்தார், என் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "கால் நல்லாத்தான் மடங்குது. ஆனா தினம் ஆறு மணி நேரம் தரையில முட்டி போட்டா ஒரு வருஷத்துல வலி ரொம்ப கூடிடும். இந்த வேலைய விட்ருங்கம்மா."

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"விட்டுட்டு இன்னா சார் பண்றது? தரையில எவ சார் முட்டி போட்டா? தரையில எறாவா மேயுது?"

"பின்ன எங்க?"

"ஏரியில சார்! முட்டி போட்டா கழுத்து வரைக்கும் தண்ணி. ஓலையில முடைஞ்ச பறிய வாயில கவ்விக்கினு, ரெண்டு கையாலயும் சேத்துல தடவிக்கினே போவோம். எறா சிக்கினா பறியில போட்டுக்குவோம்."

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் முட்டி போடுவதென்றாலே தண்ணீரில்தான். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நான் என்னத்தைக் கண்டேன்?

"தண்ணிக்குள்ள வலிக்குதா?"

"இல்ல சார். கரையேறி, கூடைய தூக்கிக்கினு நடந்தாத்தான்."

"அட, தண்ணி உங்க பாரத்த தாங்கிக்குதும்மா!" தாளில் அடித்துத் திருத்தினார். "நாலு மாச வலிதான். நல்லா தூங்குறீங்க. வேற எங்கயும் வலி இல்ல. இப்படி இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் வலி ஏறாது, கொறையவும் கொறையும். சத்தியம் பண்ண மாட்டேன், இது கணிப்புதான். தொடைக்குப் பயிற்சி சொல்லித் தரேன், விடாம செய்யணும். கூடைய வேற யாராவது தூக்கட்டும்."

"அப்போ ஏரிக்கு?"

"போங்க."

அப்பாடா! அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலிலேயே விழுந்திருப்பேன், முட்டி விடவில்லை.

வெளியே வந்து வேலம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள்.

"எனக்கும் ரெண்டு வருஷமா முட்டி வலிக்குதுக்கா. ஏரிக்குப் போவாதனு சொல்லிடுவாங்கனு பயந்து உங்கிட்டகூட சொல்லல."

"அடிப்பாவி! பக்கத்துலயே இருந்துக்கினு..."

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

"ஷாலினிம்மா, இவளுக்கும் ஒரு சீட்டு போடு. மொதல்லயே சொல்லிட்றேன், இவளும் தண்ணியிலதான் முட்டி போடுவா."