ஏழாவது விதி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: வரும் திங்கட்கிழமை மதியம் ஒரு மணி முதல் இந்த அலுவலகத்தில் தனிமை ஒழிக்கப்படுகிறது.

அறிவித்தவர் வக்கீல் சார். வேலையைப் பறிகொடுத்தவர்கள் போட்ட வழக்குகளில், இருபத்திரண்டு வருடம் கம்பெனிகள் பக்கம் நின்று வாதாடியவர். அது அலுத்துப்போய், கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டு, யாரையும் ஒதுக்காமல் எல்லோரையும் அரவணைக்கும் பிரிவுக்குத் தலைவராக வந்து நாலு மாதம் ஆகிறது. பிரிவில் அவர் ஒருவர்தான். அவர் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு டக்கென்று நின்றுவிடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஃபோன் வரும்.

"அங்கயாவது நாலு பேரோட உக்காந்து சாப்பிடுறியாண்ணே?" என்று தங்கை வாரம் தவறாமல் கேட்பாள்.

"திங்கட்கிழமை பாரேன்" என்றிருந்தார் இந்த முறை.

திட்டம் எளிமையானது. அறுபத்துநாலு பேர், முப்பத்திரண்டு ஜோடி; மதியம் ஒவ்வொரு ஜோடியும் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிட வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டால் வக்கீலுக்கு என்ன மரியாதை? பதினோரு விதிகள் எழுதினார். 'சாப்பாடு' என்றால் என்ன என்பதற்கே அரைப் பக்கம். ஏழாவது விதியில் அவருக்குத் தனிப் பெருமை: மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் ஒதுக்கப்படுவார், ஆகவே மேசைக்கு இருவர் மட்டுமே.

திங்கட்கிழமை டப்பாவும் கையுமாக வந்தார். அறை கலகலவென்று இருந்தது. கணக்குப்பிள்ளையும் லிஃப்ட் மெக்கானிக்கும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க யாரோட சார்?" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண்.

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். அறுபத்துநாலு பெயர். அவர் பெயர் இல்லை. இத்தனை வருடம் எழுதிய எந்தப் பத்திரத்திலும், எழுதுகிற வக்கீலைத் தரப்பினராகச் சேர்த்ததில்லை. கை பழக்கப்படி எழுதிவிட்டது.

"அதனால என்ன சார், எங்ககூட உக்காருங்க" என்று அவள் நகர்ந்து இடம்விட்டாள்.

அவளுடைய ஜோடியான காவலாளி கண்ணடித்தார். "ஏம்மா, ஏழாவது விதி என்னாச்சு? அப்புறம் சார் நமக்கு நோட்டீஸ் விட்றப்போறாரு!"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுவிட்டார். வக்கீல் சார் அதை ஒரு நொடி பார்த்தார்.

"இல்லல்ல, அவர் சொல்றது சரிதான். விதின்னா விதிதான்."

தன் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கை எழுதினார்: 'பட்டியலில் உள்ள எவரும் தனியாகச் சாப்பிடவில்லை.' எதிர்க்கட்சி வக்கீல் தலைகீழாக நின்றாலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாத வாக்கியம்.

ஃபோனில் தங்கை கேட்டிருந்தாள்: "எத்தன பேருண்ணே?"

"அறுபத்துநாலு" என்று பதில் போட்டார்.

டப்பாவைத் திறந்தார். சாப்பாடு ஆறியிருந்தது.