பதினோரு பெயர்கள்

எங்கள் சூக்ரேயில் ஒருவர் சாயங்காலம் சதுக்கத்தைச் சுற்றி நடக்க வராவிட்டால், அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். வெயில் இறங்கி வெள்ளைச் சுவர்கள் மஞ்சளானதும் மாணவர்கள், நீதிமன்றக் குமாஸ்தாக்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் நான் பயணிகளுக்காகக் காத்திருப்பேன். என் பெயர் நீவெஸ். பொலிவியாவிலேயே பழைய பல்கலைக்கழகம் எங்கள் ஊரில் இருக்கிறது. அதையும் மடாலயங்களையும் சுற்றிக் காட்டுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு.

சதுக்கத்தில் நடப்பவர்களில் எல்லோருக்கும் தெரிந்த இருவர் பரேஹா சகோதரர்கள். மூத்தவர் டாக்டர் இலாரியோனுக்கு எண்பத்திரண்டு வயது. இளையவர் டாக்டர் ஃபெர்மீன் நான்கு வயது சின்னவர். சட்டம் படித்தவர்களையும் நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். மூத்தவர் இடப்பக்கமாகச் சுற்றுவார், இளையவர் வலப்பக்கமாக. சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் வருவார்கள். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. சதுக்கத்தை விட்டுக்கொடுக்கவும் இருவருக்கும் மனமில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம், இப்போது இல்லாமல் போன ஒரு சட்டக் கல்லூரியில் இருவரும் வேலை பார்த்தார்கள். அண்ணன் ஆசிரியர், தம்பி செயலாளர். பதினோரு ஆசிரியர்களை வெளியேற்றும் உத்தரவு வந்தது. அதில் தம்பி கையெழுத்துப் போட்டார். முதல் பெயர் அண்ணனுடையது. அவர் பக்கத்து நாடான பெருவில் லிமாவுக்குத் தப்பிப் போய் ஒன்பது வருடம் அங்கேயே இருந்தார். மற்றவர்களில் சிலரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் திரும்பவே இல்லை.

எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம். போன ஜூலையில், குளிர் எலும்பைக் குடைந்த நாட்களில், மூத்தவரைக் காணவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று பார்த்தேன். நான்காம் நாள் ஃபெர்மீன் பாதிச் சுற்றிலேயே நின்று என்னிடம் வந்தார்.

"நீவெஸ், நாளைக்கு யாரைக் கூட்டிட்டுப் போறே?"

"அர்ஜென்டினாவிலேர்ந்து ஒரு புருஷன் பொண்டாட்டி, டாக்டர்."

"என்னையும் சேர்த்துக்கோ."

சிரித்துவிட்டேன். "உங்களுக்கு நான் ஊரைச் சுத்திக் காட்டணுமா? நான் சொல்ற தேதியில பாதி நீங்க திருத்திக் கொடுத்ததுதானே?"

"பாதியில்ல, முக்கால்வாசி." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "ரெக்கோலெத்தா மடாலயத்து மேட்டுக்கு எந்தத் தெரு வழியா ஏறுவே?"

"வழக்கமா கால்வோ தெரு."

"நாளைக்குப் பொலாங்கோ தெருவுல போ."

இலாரியோனின் வீடு பொலாங்கோ தெருவில்தான் இருக்கிறது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கிளம்பினோம். டாக்டர் கறுப்புக் கோட்டு, தொப்பி, மெருகேற்றிய காலணிகளோடு வந்திருந்தார். மடாலயத்துக் கூரையில் நின்று நான் ஒரு வருடத்தைச் சொல்ல, பின்னாலிருந்து, "அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி," என்றார். அர்ஜென்டினாக்காரர் என் காதில், "இந்தப் பெரியவர் யாரு? உங்களுக்குப் பரீட்சை வைக்க வந்திருக்காரா?" என்று கேட்டார்.

மேடு ஏறும்போது டாக்டருக்கு மூச்சு வாங்கியது. நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். கதவைத் தட்டவில்லை.

"இது என்ன கட்டடம்?" என்று அர்ஜென்டினாக்காரரின் மனைவி கைப்பேசியைத் தூக்கினாள். "பெரிய ஆளுங்க யாராவது வாழ்ந்தாங்களா?"

"என் அண்ணன்," என்றார் டாக்டர். "இன்னும் வாழ்றார்னு நினைக்கிறேன்."

அவள் கைப்பேசியைத் தாழ்த்தினாள். அவர்கள் இருவரையும் மேட்டு உச்சியில் ஊரைப் பார்த்தபடி இருக்கும் கல் வளைவுகளுக்குப் போகச் சொல்லிவிட்டு நானே கதவைத் தட்டினேன். இலாரியோனின் மகள் ஒத்திலியா திறந்தாள். சித்தப்பாவைப் பார்த்ததும் கதவைப் பாதி மூடினாள்.

"அப்பாவுக்கு நுரையீரல்ல நீர். பேசக் கூடாது."

"பேச வேண்டாம். நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லும்மா."

வெகுநேரம் வாசலிலேயே நின்றோம். அவள் திரும்பி வந்து, "வரச் சொன்னார். நீவெஸ், நீங்களும் வரணுமாம். சாட்சி வேணுமாம்," என்றாள்.

ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார் இலாரியோன். உடம்பு பாதியாகியிருந்தது, குரல் மட்டும் குறையவில்லை.

"எதுக்கு வந்தே?"

"நாலு நாளா ஆளைக் காணோம்."

"உனக்கென்ன? எதிர்ல ஆள் இல்லாம நல்லா கை வீசி நடக்கலாமே."

"அண்ணா..."

"அப்படிக் கூப்பிடறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதைச் சொல்லு."

ஃபெர்மீன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நான் போடலேன்னா வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான். சட்டப்படி செயலாளருக்கு..."

"இதைத்தான் லிமாவுக்கு எழுதினே. ஏழு கடிதாசி! சட்டம், பிள்ளைங்க, அம்மாவோட வைத்தியச் செலவு. கிளம்பு. ஒத்திலியா, கதவைத் திற."

ஒத்திலியா அசையவில்லை. நானும் அசையவில்லை.

"பயந்துட்டேன்," என்றார் ஃபெர்மீன். "மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேஜர். துப்பாக்கியைக்கூட அவன் எடுக்கல. பேனாவை என் பக்கமா நகர்த்தினான், அவ்வளவுதான். முதல் பேர் உன் பேர். படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்."

இலாரியோன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இந்த ஒரு வார்த்தைக்கு நாப்பது வருஷமாடா உனக்கு?" என்றார். பிறகு, "எல்லாம் மன்னிச்சாச்சுன்னு நினைச்சுக் கிளம்பிடாதே. என் பங்கை நான் விடலாம். மத்த பத்து பேருக்கு நான் வக்கீல் இல்ல," என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. உட்காரு. ஒத்திலியா, இவனுக்குச் சாக்லேட் காய்ச்சு. சர்க்கரையை அள்ளிப் போடு. சின்னதிலேர்ந்தே பாகு மாதிரிதான் குடிப்பான்."

ஃபெர்மீன் உட்காரும்போது நாற்காலி சறுக்க, சாயப் பார்த்தார். அண்ணன்தான் கை நீட்டிப் பிடித்தார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன். மேலே வளைவுகளுக்கு அடியில் அர்ஜென்டினாக்காரர்கள் குளிரில் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். கீழே ஊரின் ஓடுகளில் சாயங்கால வெளிச்சம் படர்ந்திருந்தது. அவர்கள் ஏதோ கேட்டார்கள். கோபுரங்களைக் கையால் காட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஃபெர்மீன் தினமும் அந்த மேட்டில் ஏறினார். இருவரும் என்ன பேசினார்கள் என்று ஒத்திலியாவைக் கேட்டேன். "பேசறதா? சண்டை. அம்மா சமைச்ச சூப்புல கடலை போட்டாங்களா இல்லையான்னு ஒரு சாயங்காலம் பூரா," என்றாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இலாரியோன் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். வக்கீல்கள் இரண்டு பேர் நீளமாகப் பேசினார்கள். சவப்பெட்டியைக் கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் வைப்பதற்கு முன்னால் ஃபெர்மீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"இவரையும் சேர்த்துப் பதினோரு பேரோட வேலையைப் பறிக்க நான் கையெழுத்துப் போட்டேன்," என்றார். "வேற யாரும் போடல. நான்தான். பயத்துல போட்டேன். பேரைச் சொல்றேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர், "இங்கேயா? இப்பவா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். இன்னும் சிலரும் போனார்கள். ஃபெர்மீன் நிறுத்தவில்லை. அண்ணன் பெயரில் தொடங்கி ஒவ்வொரு பெயரையும் முழுதாகச் சொன்னார். எட்டாவது பெயர் வந்தது.

"சதூர்னினோ கல்வீமொந்தேஸ்."

"சதூரியோ."

கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு வயதான அம்மா கோலை ஊன்றிக்கொண்டு முன்னே வந்தாள். திரும்பி வராத இருவரில் ஒருவருடைய மனைவி. அவளை நான் எத்தனையோ முறை சதுக்கத்தில் பார்த்திருக்கிறேன். யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"என் வீட்டுக்காரர் பேரு சதூரியோ," என்றாள். "சதூர்னினோ இல்ல. அன்னிக்கு உத்தரவுலயும் தப்பாத்தான் போட்டிருந்தீங்க. ஜெயில்லயும் அதையே எழுதிக்கிட்டாங்க. சதூரியோங்கற பேர்ல இங்க ஆளே இல்லைன்னு சொல்லி ஜெயில் வாசல்லேர்ந்தே என்னைத் திருப்பி அனுப்பினாங்க."

ஃபெர்மீன் அவள் முன்னால் தலை குனிந்தார். அவள் அங்கிருந்து நகரவில்லை.

"சதூரியோ கல்வீமொந்தேஸ்," என்றார் அவர்.

அவள் தலையசைத்தாள். மீதி மூன்று பெயர்களையும் அவர் சொல்லி முடிக்கும்வரை கோலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரிலேயே நின்றாள்.